ஸ்பிரிங்ஃபீல்ட் பயிற்சிப் பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து அணி (1890–1891)

அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரத்து ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி 1890ஆம் ஆண்டில் முதன்முதலாகக் களத்தில் இறக்கிய கால்பந்து அணி. அந்தப் பள்ளியே இன்றைய ஸ்பிரிங்ஃபீல்ட் கல்லூரி. அணியின் பயிற்சியாளர் ஆமோஸ் அலோன்ஸோ ஸ்டாக். அவர் பொறுப்பில் இருந்த இரண்டு பருவங்களில் 10 வெற்றி, 11 தோல்வி, 1 சமன். கணக்கை மட்டும் பார்த்தால் இது மறக்கப்பட்டிருக்க வேண்டிய அணி. ஆனால் இதில் நடுவே நின்று ஆடியவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். பின்னாளில் கூடைப்பந்தைக் கண்டுபிடித்தவர் அவர். தமிழ்நாட்டுப் பள்ளி மைதானங்களில் மாலை நாலு மணிக்கு நடக்கும் ஆட்டங்களின் வேரைத் தேடிப் போகிறவர் இந்த அணியைத் தாண்டிப் போக முடியாது.

பள்ளி 1885இல் தொடங்கப்பட்டது. ஒய்.எம்.சி.ஏ. கிளைகளுக்கு வேண்டிய செயலாளர்களையும் உடற்பயிற்சி ஆசிரியர்களையும் உருவாக்குவதே அதன் வேலை. மாணவர் தொகை மிகக் குறைவு. உடற்பயிற்சித் துறைக்குத் தலைவராக இருந்த லூதர் ஹால்சி கியூலிக், ஹவாய்த் தீவில் மிஷனரி குடும்பத்தில் பிறந்தவர். உடல், மனம், ஆன்மா மூன்றும் சேர்ந்தவன்தான் முழு மனிதன் என்ற எண்ணத்தை ஒரு முக்கோணமாக வரைந்து காட்டியவர் அவர். ஒய்.எம்.சி.ஏ. கட்டடங்களின் முகப்பில் நாம் பார்க்கும் முக்கோணம் அதிலிருந்து வந்தது. விளையாட்டு என்றாலே பக்திமான்கள் முகம் சுளித்த காலத்தில் அவர் அப்படி நினைத்தார் என்பதை மறந்துவிடக் கூடாது.

ஊரும் கால்பந்துக்கு ஏற்ற ஊர். யேல், ஹார்வர்டு பல்கலைக்கழகங்களின் ஆண்டுப் போட்டி 1889 முதல் 1894 வரை ஸ்பிரிங்ஃபீல்டின் ஹாம்ப்டன் பூங்காவில்தான் நடந்தது. 1889இல் யேல் 6–0 என வென்ற ஆட்டத்தில் ஓரத்து ஆட்டக்காரராக நின்றவர் ஸ்டாக். அந்த ஆண்டு முதன்முதலாக அறிவிக்கப்பட்ட அனைத்து அமெரிக்க அணியிலும் அவர் பெயர் இருந்தது. யேலில் பேஸ்பால் பந்து வீச்சாளராகவும் புகழ் பெற்றிருந்தார். போதகராக வேண்டும் என்று இறையியல் படிக்கப் போனவருக்கு மேடைப் பேச்சு வரவில்லை. இளைஞர்களைக் களத்தில் வைத்துத் திருத்தலாம் என்று முடிவு செய்து, மறு ஆண்டே அதே ஊருக்கு வந்து சேர்ந்தார்.

நெய்ஸ்மித் வந்த வழியும் ஏறக்குறைய அதுவே. கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் ஆல்மாண்ட் என்ற சிற்றூரை அடுத்து வளர்ந்தவர். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தவர். மாண்ட்ரியலில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது ரக்பி ஆடினார். சமயக் கல்வி படிப்பவன் இப்படி மண்ணில் உருளலாமா என்று நண்பர்கள் கவலைப்பட்டார்கள். ஒரு சனிக்கிழமை ஆட்டத்தில் அடி வாங்கி, கண்களைச் சுற்றிக் கறுத்த வீக்கத்தோடு மறுநாள் பிரசங்க மேடை ஏறினார். ஆட்டமும் ஊழியமும் ஒன்றுக்கொன்று பகை அல்ல என்று சொல்லும் ஓர் இடம் ஸ்பிரிங்ஃபீல்டில் இருப்பது தெரிந்ததும் அங்கே கிளம்பிவிட்டார்.

அன்றைய ஆட்டம் இன்று தொலைக்காட்சியில் வரும் அமெரிக்கக் கால்பந்து அல்ல. பந்தை முன்னோக்கி எறிய அனுமதி கிடையாது. அது 1906இல்தான் வந்தது. ஒரு பக்கத்துக்குப் பதினொரு பேர். மூன்று முயற்சிக்குள் ஐந்து கெஜம் முன்னேற வேண்டும், இல்லாவிட்டால் பந்து எதிரணிக்கு. டச் டவுனுக்கு 4 புள்ளி, அதைத் தொடர்ந்து உதைத்துக் கோல் அடித்தால் மேலும் 2, களத்திலிருந்து உதைத்து அடிக்கும் கோலுக்கு 5. பந்தோடு ஓடுகிறவனை மடக்கி வீழ்த்துவதே தடுப்பாட்டம். சடுகுடுவில் பாடி வந்தவனைப் பிடிபோட்டு அமுக்கும் காட்சியை நினைத்துக்கொள்ளலாம். ஆனால் இங்கே பிடிப்பவர்களுக்கும் ஓடுபவனுக்கும் இடையில் இன்னும் இருபது உடல்கள் முட்டிக்கொண்டிருக்கும். 1888இல் இடுப்புக்குக் கீழே பிடிக்கவும் அனுமதி கொடுத்ததால் வரிசைகள் இன்னும் நெருங்கின. காயங்கள் பெருகின.

இப்படிப்பட்ட ஆட்டத்துக்கு ஸ்டாக் சேர்த்த அணி ஆள்பலம் இல்லாதது. பெரிய பல்கலைக்கழகங்களின் ஆட்டக்காரர்களோடு பார்த்தால் உயரமும் எடையும் குறைந்தவர்கள். ‘ஸ்டாகின் குட்டைக் கிறிஸ்தவர்கள்’ என்ற பட்டப்பெயர் நிலைத்துவிட்டது. வரிசையின் நடுவில், பந்தைப் பின்னால் தள்ளிவிட்டு முதல் மோதலை வாங்கிக்கொள்ளும் சென்டர் இடத்தை ஸ்டாக் நெய்ஸ்மித்துக்குக் கொடுத்தார். இத்தனை முரட்டு வேலையை இத்தனை கண்ணியமாகச் செய்யக்கூடிய ஆள் வேறு இல்லை என்பதுதான் அதற்கு ஸ்டாக் சொன்ன காரணம். அந்த இடத்தில் நிற்பவனுக்குக் காது தப்பாது. இரு பக்கமும் தலைகள் உரசி உரசிக் காது மடல் வீங்கித் தடித்துவிடும். நெய்ஸ்மித் காதை மூடித் தலையைச் சுற்றி ஒரு காப்பைத் தானே செய்து கட்டிக்கொண்டு ஆடினார். கால்பந்துத் தலைக்கவசத்தின் முன்னோடிகளில் ஒன்றாக அது எண்ணப்படுகிறது.

முதல் பருவத்தில் 5 வெற்றி, 3 தோல்வி. புதிதாகச் சேர்த்த அணிக்கு இது நல்ல கணக்கு. அந்தத் தோல்விகளில் ஒன்றுதான் இன்றும் பேசப்படுகிறது. 1890 டிசம்பர் 12 அன்று நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கத்துக்குள், யேலின் அன்றைய, முன்னாள் ஆட்டக்காரர்கள் கலந்த அணியோடு மோதினார்கள். கூரைக்குக் கீழே ஆடப்பட்ட முதல் கால்பந்துப் போட்டிகளில் ஒன்று அது. யேல் 16, ஸ்பிரிங்ஃபீல்ட் 10. நாட்டின் மிகப் பலமான கால்பந்து மரபோடு ஒரு சின்னப் பள்ளி ஆறு புள்ளி வித்தியாசத்தில் நின்றது. மறு பருவம் அப்படி அமையவில்லை: 5 வெற்றி, 8 தோல்வி, 1 சமன்.

அந்த இரண்டாம் பருவம் முடிந்த 1891 டிசம்பரில்தான் கதை திரும்புகிறது. வெளியே பனி. கால்பந்து ஓய்ந்துவிட்டது, பேஸ்பாலுக்கு வசந்தம் வரவேண்டும். உடற்பயிற்சிக் கூடத்துக்குள் பதினெட்டு பேர் கொண்ட ஒரு வகுப்பு. களத்தில் புரண்டு பழகிய அவர்களுக்குக் குண்டாந்தடி சுழற்றுவதும் அணிவகுப்பும் சலித்துவிட்டன. அவர்களைக் கட்டிப்போட ஓர் ஆட்டம் வேண்டும் என்று கியூலிக் நெய்ஸ்மித்திடம் கேட்டார். கால்பந்தையே கூடத்துக்குள் கொண்டுவந்து பார்த்தால், மரத்தரையில் விழுந்தவனுக்கு எலும்பு மிஞ்சாது.

இங்கே நெய்ஸ்மித் யோசித்த விதத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். இரண்டு பருவம் அடிபட்ட சென்டரால்தான் அப்படி யோசிக்க முடியும். கால்பந்தில் ஒருவனை ஏன் வீழ்த்துகிறோம்? அவன் பந்தோடு ஓடுகிறான். ஓடவே கூடாது என்று வைத்துவிட்டால்? வீழ்த்தத் தேவை இல்லை. பந்து கிடைத்த இடத்திலேயே நின்று எறியட்டும். அடுத்தது கோல். நேருக்கு நேர் நிற்கும் கோலுக்கு வேகம்தான் பலம், வேகம் வந்தால் முரட்டுத்தனம் வரும். சிறுவயதில் பாறை மேல் வைத்த கல்லைக் குறிபார்த்து எறிந்து விளையாடியபோது, விசையாக எறிந்த கல்லைவிட வளைத்து மெல்லத் தூக்கிப்போட்ட கல்லே காரியம் சாதித்தது அவர் நினைவுக்கு வந்தது. கோலைப் படுக்கையாகத் தலைக்கு மேலே வைத்தார். காவலாளி கொடுத்த இரண்டு பீச் பழக்கூடைகள், ஒரு சாக்கர் பந்து, 13 விதிகள், பக்கத்துக்கு ஒன்பது பேர். முதல் ஆட்டத்தில் விழுந்தது ஒரே ஒரு கூடை. கால்பந்திலிருந்து எதை எதை எடுத்துவிட வேண்டும் என்ற கேள்விக்குக் கிடைத்த பதில்தான் கூடைப்பந்து.

ஸ்டாகுக்குப் பழக்கம் விடவில்லை. 1892 மார்ச் 11 அன்று சுமார் 200 பேர் பார்க்க ஆசிரியர்களும் மாணவர்களும் கூடைப்பந்து ஆடினார்கள். மாணவர்கள் 5–1 என வென்றார்கள். ஆசிரியர்களின் அந்த ஒரு கூடையைப் போட்டவர் ஸ்டாக். கால்பந்துப் பழக்கத்தில் எதிராளிகளைத் தள்ளியே ஆடினார். அதே ஆண்டு சிகாகோ பல்கலைக்கழகம் அவரை அழைத்துக்கொண்டது. 41 பருவங்கள் அங்கே கால்பந்துப் பயிற்சியாளராக இருந்தார். 1965இல் இறக்கும்போது வயது 102. நெய்ஸ்மித் 1898இல் கேன்சஸ் பல்கலைக்கழகம் சேர்ந்தார். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் தன் ஆட்டம் சேர்க்கப்பட்டதை நேரில் பார்த்துவிட்டு 1939இல் மறைந்தார்.

ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற இன்னொருவர் வில்லியம் ஜி. மார்கன். பக்கத்து ஊரான ஹோலியோக்கில் நடுவயது வியாபாரிகளுக்குக் கூடைப்பந்தும் கடினமாகப் பட்டதால், 1895இல் நடுவே வலை கட்டி இரு தரப்பையும் பிரித்தே வைத்தார். உடல் உடலைத் தொட வழியே இல்லாத அந்த ஆட்டம்தான் நம் வாலிபால்.

தமிழ்நாட்டோடு உறவு ஹாரி குரோ பக் வழியாக வந்தது. ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த அவர் 1919இல் சென்னைக்கு வந்தார். 1920இல் ஐந்து மாணவர்களை வைத்து ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். இன்று நந்தனத்தில் இருக்கும் கல்லூரி அது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்திய அணியின் மேலாளரும் அவரே. 1943இல் மறையும் வரை அவர் உழைத்தது இங்கேதான். அந்தக் கல்லூரியில் பயின்று வெளியேறிய பி.டி. மாஸ்டர்கள் மாவட்டம் மாவட்டமாகப் போய், வலையையும் கம்பத்தையும் நட்டார்கள். கால்பந்தின் அமெரிக்க வடிவம் இங்கே வேரூன்றவில்லை. அதற்கு 120 கெஜ நீளத் தரையும் ஆளுக்கு ஒரு கவசமும் வேண்டும். கூடைப்பந்துக்கு ஒரு பந்தும் இரண்டு வளையமும் போதும்.

ஏற்காடு மலையில் இந்த வித்தியாசம் இன்னும் நன்றாகத் தெரியும். கிளியூர் அருவிக்கு இறங்கும் சேர்வராயன் சரிவுகளில் காப்பித் தோட்டத்துக்கு நடுவே பெரிய சமதளம் கிடைப்பது அரிது. 28 மீட்டருக்கு 15 மீட்டர் வெட்டிச் சமன் செய்தால் ஒரு கூடைப்பந்துத் தளம் ஆகிவிடும். 1917இல் தொடங்கிய மாண்ட்ஃபோர்ட் பள்ளி உள்ளிட்ட ஏற்காட்டுப் பள்ளிகளில் கூடைப்பந்து ஆடும் பிள்ளைகளின் தலைக்கு மேல் வளையம் நிற்கும் உயரம் 10 அடி, அதாவது 3.05 மீட்டர். ஸ்பிரிங்ஃபீல்ட் கூடத்தைச் சுற்றி ஓடிய மாடத்தின் கைப்பிடி அந்த உயரத்தில் இருந்தது. நெய்ஸ்மித் கூடைகளை அதில்தான் ஆணியடித்து மாட்டினார்.