அலெகெனி என்றொரு ஊர்

பிட்ஸ்பர்க்கில் ஆற்றைத் தாண்டி வடக்கே போனால் வரும் பகுதிக்கு 'நார்த் சைடு' என்று பெயர். எதற்கு வடக்கு? பிட்ஸ்பர்க்குக்கு வடக்கு. 1907 வரை அதற்கு இப்படி இன்னொரு ஊரைச் சொல்லி அடையாளம் காட்டவேண்டிய தேவை இருக்கவில்லை. அது அலெகெனி நகரம். தனி மேயர், தனி நகர்மன்றம், தனிச் சந்தை, 1900 கணக்கெடுப்பில் சுமார் 1,30,000 பேர்.

சும்மா ஒரு புறநகர் இல்லை அது. 1848இல் ஸ்காட்லாந்திலிருந்து பிழைக்க வந்த கார்னகி குடும்பம் குடியேறியது இங்கேதான். கெர்ட்ரூட் ஸ்டைன் 1874இல் பிறந்ததும் இங்கேதான். 1903இல் நடந்த முதல் உலகத் தொடர் பேஸ்பால் போட்டிகளில் பிட்ஸ்பர்க் அணி தன் 'சொந்த ஊர்' ஆட்டங்களை ஆடிய மைதானம்கூட அலெகெனியில்தான் இருந்தது!

பக்கத்து ஊர் பெரிதாக ஆசைப்பட்டது. 1906இல் பென்சில்வேனியா ஒரு சட்டம் போட்டது: இரண்டு ஊர்களிலும் வாக்கெடுப்பு, ஆனால் எல்லா வாக்குகளையும் சேர்த்துத்தான் எண்ணவேண்டும். பிட்ஸ்பர்க்கில் 3,21,000 பேர். மிச்சக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். அலெகெனிக்காரர்கள் ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் வேண்டாம் என்றார்கள். கூட்டுத்தொகையில் அது காணாமல் போனது. எங்கள் தொழிலில் இரண்டு டேட்டாபேஸ்களை இணைத்தால்கூட எந்தப் பதிவு எங்கிருந்து வந்தது என்று ஒரு குறிப்பாவது விட்டுவைப்போம்.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. தெருக்களைச் சீராக்கிவிட்டோம், குடிநீரும் மின்விளக்கும் எங்கள் காசில் வந்துவிட்டன, இப்போது பிட்ஸ்பர்க்கின் கடனுக்கும் நாங்கள் ஏன் வரி கட்டவேண்டும் என்பதுதான் அவர்கள் கேள்வி. நியாயமான கேள்வி என்றே எனக்குப் படுகிறது. 1907 நவம்பரில் நீதிபதி மூடி எழுதிய தீர்ப்பு, அது நியாயமா இல்லையா என்பதற்குள் போகவில்லை. நகராட்சி என்பது மாநிலம் தன் வசதிக்காக உண்டாக்கிய அமைப்பு. மக்கள் எதிர்த்தாலும் மாநிலம் அதைப் பெருக்கலாம், சுருக்கலாம், கலைக்கலாம். ஊருக்கும் ஊர்க்காரர்களுக்கும் நடுவே ஒப்பந்தம் எதுவும் கிடையாது. அவ்வளவுதான். அமெரிக்காவில் நகரங்களின் அதிகாரம் பற்றிப் பேசும்போது இன்றும் இந்தத் தீர்ப்பைத்தான் எடுக்கிறார்கள்.

இதில் வேடிக்கை, அதே ஆண்டுகளில் பிட்ஸ்பர்க்கும் தன் பெயரைப் பறிகொடுத்திருந்தது, ஒரே ஓர் எழுத்தை. ஆங்கில எழுத்துக்கூட்டலின் கடைசியில் வரும் 'எச்'சை 1891இல் மத்திய அரசு வாரியம் நீக்கியிருந்தது. ஊர் விடவில்லை. 1911இல் திரும்ப வாங்கிவிட்டது.

1960களில் பழைய அலெகெனியின் நடுப்பகுதியில் நூற்றுக்கணக்கான கட்டடங்களை இடித்து ஒரு மால் கட்டினார்கள். சந்தைக் கட்டடமும் போனது. கார்னகி கட்டிக்கொடுத்து 1890இல் திறந்த நூலகம் தப்பியது. இடிப்பதா வேண்டாமா என்று பேச அலெகெனிக்கென்று அப்போது ஒரு நகர்மன்றம் இல்லை. மாலுக்கு வைத்த பெயர், அலெகெனி சென்டர்.