நம்ம ஜி.எஸ்.டி. ரோட்டுக் கோட்டைகள்

கோட்டை பார்க்க வேண்டும் என்றால் ஜெய்ப்பூர், உதய்ப்பூர் என்று டூர் புக் செய்கிறவர்கள் நம் முடிச்சூரிலேயே பல பேர். போய்வரட்டும், நல்ல விஷயம்தான். ஆனால் இங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ஒரு கோட்டை இருக்கிறது, அது இருந்த நிலத்தின் ஊடாகத்தான் ரயில் பாதையே போகிறது என்று சொன்னால், முப்பது வருஷம் செங்கல்பட்டுக்கு சீசன் டிக்கெட்டில் போய்வந்தவர்கள்கூட "அப்படியா சார்?" என்கிறார்கள்.

போன தை மாதம் நானும் வீட்டம்மாவும் மகன் கார் ஓட்ட, இரண்டு நாள் ஒரு சுற்று போய்வந்தோம். போகும்போது ஜி.எஸ்.டி. ரோடு, திரும்பும்போது கிழக்குக் கடற்கரைச் சாலை. செங்கல்பட்டு, கருங்குழி, செஞ்சி, ஆலம்பரை, சதுரங்கப்பட்டினம், கோவளம் என்று ஆறு இடங்கள். தனித்தனியாகப் பார்த்தால் இடிந்த செங்கலும் முள்செடியும்தான். சேர்த்துப் பார்த்தால் ஒரே கதை. 1750 முதல் 1761 வரை, சென்னையில் இருந்த ஆங்கிலேயர்களா, புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சுக்காரர்களா, இந்த நாட்டை யார் ஆள்வது என்று முடிவான கதை. அந்தச் சண்டை நம் ஏரிக்கரைகளிலும் நெல்வயல்களிலும்தான் நடந்தது. ஒவ்வொரு கோட்டையையும் எதற்காகப் பிடித்தார்கள் என்று பார்த்துக்கொண்டே போனால், அரிசி, தண்ணீர், வழி என்ற மூன்றில்தான் வந்து நிற்கிறது.

செங்கல்பட்டு

பரனூர் தாண்டினால் ரயில் ஜன்னலில் கொளவாய் ஏரி தெரியும். அந்த ஏரிதான் கோட்டைக்குப் பாதி மதில். 1565 தலைக்கோட்டைப் போரில் தோற்ற பிறகு விஜயநகர அரச வம்சம் பெனுகொண்டா, சந்திரகிரி, வேலூர் என்று தெற்கே நகர்ந்தது. அந்த நூற்றாண்டில் எழுந்ததுதான் செங்கல்பட்டுக் கோட்டை. ஏரியும் சேறும் சூழ்ந்திருந்ததால் குதிரைப் படை சுலபமாக நெருங்க முடியாது.

1752-ல் கோட்டை பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. கோவளத்தில் இருந்த கோட்டையும் அவர்களிடம்தான். இரண்டையும் பிடிக்க ராபர்ட் கிளைவ் புறப்பட்டார். அவருக்குக் கிடைத்ததோ இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்து இறங்கிய 200 புது ஆட்கள், புதிதாகச் சேர்த்த 500 சிப்பாய்கள். கோவளத்தில் முதல் குண்டு வந்து ஒருவன் விழுந்ததும் மற்றவர்கள் திரும்பி ஓட்டம் பிடித்தார்கள். ஒருவனை வெகு நேரம் கழித்து ஒரு கிணற்றுக்குள்ளிருந்து கண்டுபிடித்தார்களாம். இப்படிப்பட்ட படையை வைத்துக்கொண்டே கிளைவ் கோவளத்தைப் பிடித்தார், பிறகு செங்கல்பட்டையும் பிடித்தார்.

பிடித்ததன் பலன் ஆறு வருஷம் கழித்துத் தெரிந்தது. 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னை ஜார்ஜ் கோட்டையை முற்றுகையிட்டார். அதற்கு முன் செங்கல்பட்டை அவர் பிடிக்காமல் விட்டது பெரிய பிழை. ஆங்கிலேயர்கள் இங்கே படை வைத்தார்கள். கேப்டன் பிரெஸ்டனும், நாம் மருதநாயகம் என்று சொல்லும் யூசுப் கானும் இங்கிருந்து கிளம்பிப் போய், முற்றுகை போட்டவர்களின் முதுகிலேயே குத்திக்கொண்டிருந்தார்கள். வண்டி மாடுகளை ஓட்டிக்கொண்டு போவது, அரிசி வரும் வழியை மறிப்பது, துரத்தினால் மறைந்து வேறு பக்கம் முளைப்பது. விரட்ட விரட்ட வந்து உட்காரும் ஈக்களைப் போல என்று லாலியே நொந்துகொண்டதாகச் சொல்வார்கள். பரங்கிமலைப் பக்கத்திலும் பெரிய சண்டை நடந்தது. 1759 பிப்ரவரியில் ஆங்கிலக் கப்பல்கள் வந்து சேர, லாலி முற்றுகையை விட்டுப் போனார். சென்னை பிழைத்ததில் செங்கல்பட்டுக்குப் பாதிப் பங்கு உண்டு.

இதன் மிச்சக் கதைதான் மனதை என்னவோ செய்கிறது. தோளோடு தோள் நின்ற அந்த இருவரும் ஐந்தே வருஷத்தில் எதிரெதிரே நின்றார்கள். யூசுப் கான் மதுரையில் தனித்து நின்றதும் ஆற்காட்டு நவாபும் கம்பெனியும் படையெடுத்தார்கள். 1764-ல் மதுரைக் கோட்டையைத் தாக்கும்போது காயம்பட்டு இறந்தவர் அதே பிரெஸ்டன். அந்த வருஷம் அக்டோபரில் யூசுப் கானைத் தூக்கில் போட்டார்கள். செங்கல்பட்டு மதிலுக்குள் ஒரே அரிசியைப் பங்கிட்டுச் சாப்பிட்டவர்கள் இவர்கள்!

பின்னாளில் கோட்டைக்குள் சிறுவர் சீர்திருத்தப் பள்ளி வந்தது, அரசு அலுவலகங்கள் வந்தன, ரயில் வந்தது. இன்று மதில் துண்டுகளைத் தேடித்தான் பார்க்க வேண்டும். செஞ்சியில் கிடைக்கும் பிரமிப்பை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான்.

கருங்குழியும் மதுராந்தகமும்

பாலாற்றுப் பாலம் தாண்டி மதுராந்தகத்துக்குச் சற்று முன்னால் கருங்குழி. இப்போது பஸ் நிற்காமலே போகும் ஊர். ஒரு காலத்தில் நம் மாவட்டத்துக்கே தலைநகர்! 1859-ல் கலெக்டர் கச்சேரி சைதாப்பேட்டைக்குப் போகும்வரை வெகுகாலம் இங்கேதான் இருந்தது. இங்கும் ஒரு கோட்டை. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஹைதர் அலியும் மாற்றி மாற்றிப் பிடித்தார்கள். 1781 ஜனவரியில் சர் அயர் கூட் ஹைதரின் ஆட்களிடமிருந்து இதை மீட்டார்.

அதற்கு முந்தைய செப்டம்பரில் காஞ்சிபுரம் பக்கம் பொள்ளிலூரில் பெய்லியின் படை அடியோடு அழிந்தது. செய்தி கேட்ட மன்றோ தன் பெரிய பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டு, செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்கு ஓடினார். அந்தப் போரில் நம் பக்கத்து ஊர்கள் பட்ட பாடு கொஞ்சம் இல்லை. நெல் எரிந்தது, மாடுகள் போயின, குடிகள் ஊரை விட்டுப் போனார்கள். வரலாற்றுப் புத்தகத்தில் தளபதிகள் பேர் இருக்கிறது. ஏரிக்கரையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் போன கிராமத்தின் பேர் இருப்பதில்லை.

1790-களில் இங்கே கலெக்டராக வந்த லயனல் பிளேஸ் முதலில் கவனிக்க வேண்டியிருந்தது ஏரிகளைத்தான். மதுராந்தகம் ஏரி காத்த ராமர் கதை உங்களுக்குத் தெரிந்ததே. அடைமழை இரவில், கரை உடையப் போகிறதே என்று பதறிப் போன கலெக்டர், வில்லேந்திய இரண்டு இளைஞர்கள் கரையைக் காவல் காப்பதைப் பார்த்தாராம். தாயார் சந்நிதித் திருப்பணிக்கு அவர் உதவியதைச் சொல்லும் கல்வெட்டு கோயிலில் இன்றும் இருக்கிறது. ராமரை நம்புகிறவர்கள் நம்பட்டும். ஒரு கலெக்டர் அடைமழையில் ஏரிக்கரைக்கு ஓடினார் என்பதே எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. கருங்குழிக் கோட்டை போய்விட்டது. அந்த ஏரித் தண்ணீரில் இன்றும் நெல் விளைகிறது.

மேல்மருவத்தூர்ப் பக்கம் மேற்கே திரும்பினால் வந்தவாசி. 1760 ஜனவரி 22-ல் அங்கேதான் கூட்டிடம் லாலி தோற்றார். நாங்கள் நேராகத் திண்டிவனம் போய்ச் செஞ்சிக்குத் திரும்பினோம்.

செஞ்சி

செஞ்சியைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். 2025 ஜூலையில் மராட்டியர்களின் 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது, தமிழ்நாட்டிலிருந்து சேர்ந்த ஒரே கோட்டை இது. சிவாஜி 1677-ல் பிடித்தார். அவர் மகன் ராஜாராம் இங்கே அடைக்கலம் புகுந்தபோது ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகார் கான் முற்றுகை போட்டார். 1690-ல் ஆரம்பித்து 1698-ல்தான் கோட்டை விழுந்தது. விழும் முன்பே ராஜாராம் தப்பிவிட்டார்.

எட்டு வருஷம் எப்படித் தாங்கினார்கள்? கீழ்க்கோட்டையைச் சுற்றி வந்தாலே புரிந்துவிடும். வண்டி வண்டியாக நெல் கொட்டிவைக்கும் களஞ்சியங்கள், சக்கரக்குளம், செட்டிக்குளம், மலை மேலும் சுனைகள். கல்யாண மகாலில் மண் குழாய் வழியாக மேல்மாடி வரை தண்ணீர் ஏற்றியிருக்கிறார்கள். உள்ளே இருந்தவர்களுக்குச் சாப்பாடு இருந்தது. வெளியே முற்றுகை போட்ட மொகலாயப் படைதான் ஒரு கட்டத்தில் தானியம் கிடைக்காமல் திண்டாடியது.

ராஜகிரி சுமார் 800 அடி உயரம். உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் 24 அடி அகலத்துக்குப் பாறை பிளந்திருக்கும், நடுவில் ஒரு பாலம்தான் வழி. இப்படிப்பட்ட கோட்டையை 1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே இரவில் பிடித்துவிட்டார். பத்து வருஷம் கழித்து வந்தவாசியில் அவரே கைதியானார். அந்தப் பத்து வருஷத்தில் செஞ்சியின் தண்ணீரும் காய்ச்சலும் பிரெஞ்சுச் சிப்பாய்களைச் சும்மா விடவில்லை. 1200 ஐரோப்பியர்கள் இங்கே செத்தார்கள் என்று அந்தக் காலத்து வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் எழுதுகிறார். 1761-ல் புதுச்சேரி விழுந்த சில மாதங்களில் செஞ்சியும் ஆங்கிலேயரிடம் பணிந்தது. புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் உயரமான கல்தூண்கள் செஞ்சியிலிருந்து போனவை. அடுத்த முறை அங்கே சுண்டல் சாப்பிடும்போது நிமிர்ந்து பாருங்கள்.

தேசிங்கு ராஜன் கதையைப் பாட்டாகவும் கூத்தாகவும் கேட்டு வளர்ந்த தலைமுறை நம்முடையது. அதனால் இங்கே நீட்டவில்லை.

கடலோரக் கோட்டைகள்

மறுநாள் திண்டிவனத்திலிருந்து மரக்காணம். உப்பளங்களைப் பார்த்துக்கொண்டே வடக்கே வந்தால் கடப்பாக்கத்தில் ஆலம்பரை. ஒரு பக்கம் கழிமுகம், அதற்கப்பால் கடல், நடுவில் செங்கல் மதில். இந்தச் சுற்றில் கண்ணுக்கு அழகான இடம் எது என்றால் இதைத்தான் சொல்வேன். இங்கே நாணயச் சாலை இருந்தது, கப்பல் துறை இருந்தது. சரிகைத் துணி, உப்பு, நெய் எல்லாம் இங்கிருந்து ஏற்றுமதி. 1750-ல் முசாபர் ஜங் இதைத் துப்ளேவுக்குக் கொடுத்தார். 1760-ல் ஆங்கிலேயர் பிடித்து இடித்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் திரும்பி வந்தால் இறங்க ஒரு துறை இருக்கக் கூடாது அல்லவா! இடித்தது போக மிச்சமிருந்ததை 2004 சுனாமியும் கொஞ்சம் தின்றது.

அடுத்தது கல்பாக்கம் அணுமின் நிலையத்தை ஒட்டிய சதுரங்கப்பட்டினம். டச்சுக்காரர்கள் மஸ்லின் துணி வாங்கி அனுப்புவதற்கு வைத்திருந்த இடம். சண்டையில் சேராத டச்சு மண் என்பதால் 1754 ஜனவரியில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் சமாதானம் பேச இங்கே கூடினார்கள். ஆற்காட்டுக்கு யார் நவாப் என்பதிலேயே பேச்சு முறிந்தது. அதே வருஷம் துப்ளேயைப் பாரிஸுக்குத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். டச்சுக்காரர்களுக்கும் நிம்மதி நிலைக்கவில்லை. 1781-ல் ஆங்கிலேயர் பிடித்தார்கள், கை மாறி மாறி 1825-ல் ஒரேயடியாக அவர்களுக்கே போனது. உள்ளே டச்சுக் கல்லறைகள் இருக்கின்றன. பேரும் சின்னமும் செதுக்கிய வேலைப்பாட்டை நின்று பார்க்க வேண்டும்.

கோவளத்தில் பார்க்க ஒன்றும் இல்லை. கிளைவ் பிடித்த கோட்டையைத் தகர்த்துவிட்டார்கள். அது இருந்ததாகச் சொல்லும் பக்கத்தில் இன்று பெரிய கடற்கரை விடுதி நிற்கிறது. கேளம்பாக்கம் வழியாக வண்டலூர் வந்து இருட்டுவதற்குள் வீடு சேர்ந்தோம்.

எது நின்றது, எது போனது என்று யோசித்தால் ஒரு கணக்கு தெரிகிறது. திரும்ப எதிரி கையில் சிக்கிவிடுமோ என்று பயந்த கோட்டைகளை இடித்தார்கள். உபயோகப்பட்டதை அலுவலகம் ஆக்கினார்கள். செஞ்சி மலை, யாராலும் இடித்து மாளாது. ஆனால் அந்தக் கோட்டைகளுக்குச் சோறு போட்ட ஏரிகள் இன்றும் நம் கையில்தான் இருக்கின்றன. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் வந்து நம் தெருக்களில் படகு ஓடியதைப் பார்த்தவர்களுக்கு, ஏரியையும் அது வழிந்தோடும் பாதையையும் அடைத்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கொளவாய் ஏரியில் கழிவுநீர் கலக்கிறது என்று பேப்பரில் படிக்கும்போது, அந்தப் பழைய மதில் இன்னும் ஒரு பக்கம் இடிகிறது என்றே தோன்றுகிறது.

போக நினைக்கிறவர்களுக்குச் சில விஷயங்கள். மார்கழி, தை மாதங்களே தோது. செஞ்சியில் முழங்கால் வலி உள்ளவர்கள் ராஜகிரி ஏற வேண்டாம், கீழ்க்கோட்டையே அரை நாள் பிடிக்கும். குரங்குகள் அதிகம், கையில் பை தொங்கவிடாதீர்கள். ஆலம்பரையில் நிழல் கிடையாது, குடையும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். பேரப்பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். செங்கல்பட்டில் யூசுப் கான் கதையைச் சொல்லுங்கள். மதுராந்தகத்தில் வண்டியை நிறுத்தி, கோயிலுக்குப் போன கையோடு ஏரிக்கரை மேலும் ஒரு நடை நடந்துவிட்டு வாருங்கள்.