கேம்பர் வேனில் ஆனிங்... விரிக்கிறது ஈஸி, எப்போ சுருட்டணும் தெரியுமா?

`கேரவன்' என்றாலே ஷூட்டிங் ஸ்பாட்டில் நிற்கும் சினிமா வண்டிதான் ரொம்ப நாளாக நம் நினைவுக்கு வரும். இப்போது டெம்போ டிராவலரையோ, பழைய வேனையோ வாங்கி, உள்ளே கட்டில், அடுப்பு, சின்ன சிங்க் எல்லாம் வைத்து, குடும்பத்தோடு ஊர் சுற்றக் கிளம்பிவிடுகிறார்கள். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஏறத்தாழ ஒரே தூரம், சுமார் 200 கி.மீ. என்பதால், இவர்களின் வீக் எண்ட் லிஸ்ட்டில் திருவண்ணாமலைக்கு நிச்சயம் இடம் உண்டு. அதிலும் செங்கம் சாலையில் இருக்கும் ரமணாசிரமம் பகுதி ஸ்பெஷல்.

வண்டியை நிறுத்தியாச்சு. அடுத்த பிரச்னை, வெயில். தகர உடம்பு கொண்ட வேன், மே மாதத் திருவண்ணாமலையில் மதியம் 12 மணிக்கே இட்லிக் குண்டான் ஆகிவிடும். அதற்கான தீர்வுதான் ஆனிங். வண்டியின் பக்கவாட்டிலிருந்து இழுத்து விரிக்கும் துணிக்கூரை. வேனுக்கு ஒரு திண்ணை கட்டினது மாதிரி!

ஆனால், திண்ணைக்கும் இதற்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. திண்ணை மழைக்கும் காற்றுக்கும் நிற்கும். ஆனிங் நிழலுக்காக மட்டும்தான். இதை மறந்தால் துணி கிழியும், கை வளையும், சில நேரம் வண்டியின் பக்கத் தகடே பிய்ந்து வரும்.

என்னென்ன வகை?

கேஸட் ஆனிங்: நீளமான அலுமினியப் பெட்டிக்குள் துணி ஒரு உருளையில் சுற்றியிருக்கும். கைப்பிடியைச் சுழற்றினால் ஸ்பிரிங் வைத்த இரண்டு கைகள் மடக்கு நீங்கி வெளியே வரும். 12 வோல்ட் மோட்டாரில் ஓடும் மாடலும் உண்டு. இத்தாலியின் ஃபியம்மா, ஸ்வீடனின் தூலே, டொமெட்டிக் எல்லாம் இந்த ஏரியாவில் பிரபலமான பெயர்கள்.

பை ஆனிங்: கார், ஜீப் கேரியரில் மாட்டுவது. ஜிப்பைத் திறந்து, கையால் உருட்டி விரித்து, கால்களை ஊன்ற வேண்டும். எடை குறைவு, விலையும் குறைவு.

படுதா: வண்டியின் மேல் ஓரத்தில் ஒரு அலுமினியக் காடி. அதற்குள் தடித்த விளிம்பு தைத்த துணியைச் செருகி, மறுமுனையை இரண்டு கம்புகளில் கட்டினால் போதும். லாரி தார்ப்பாய் தைக்கும் கடையிலேயே அளவு கொடுத்துத் தைக்கலாம். பட்ஜெட் பார்ட்டிகளுக்கு இதுதான் பெஸ்ட்.

ஸ்லைடு கவர்: பெரிய சொகுசு வண்டிகளில் ஒரு பக்கச் சுவர் மட்டும் டிராயர் போல வெளியே நீளும். அதற்கு ஸ்லைடு-அவுட் என்று பெயர். அந்த டிராயரின் தலையில் இலை, தூசி, மழைநீர் விழாமல் காப்பது ஸ்லைடு கவர். டிராயர் நீளும்போது தானாக விரியும், உள்ளே போகும்போது ஸ்பிரிங்கின் இழுவையில் தானாகச் சுருளும். இந்த ஸ்பிரிங் எப்போதும் முறுக்கேறியே இருக்கும். லாக் பின் போடாமல் உருளையைக் கழற்றினால் விரல் போய்விடும். எனவே, துணி மாற்றுவதை யூடியூப் பார்த்துச் செய்யாதீர்கள். தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

துணி: வினைலா, அக்ரிலிக்கா?

வினைல் என்பது பி.வி.சி பூசிய துணி. தண்ணீர் சொட்டுக்கூட இறங்காது, துடைப்பது சுலபம். ஆனால், ஈரத்தோடு சுருட்டினால் பூஞ்சை பிடித்துக் கரும்புள்ளி வந்துவிடும். அக்ரிலிக் காற்றுப் புகும் நெசவு. சீக்கிரம் காயும், வெயிலில் சாயம் போவதும் குறைவு. நீண்ட மழையில் மட்டும் மெள்ளக் கசியும். வெயில் ஊரான திருவண்ணாமலைக்கு அக்ரிலிக் நல்ல சாய்ஸ். மழைக்கால ட்ரிப்தான் அதிகம் என்றால் வினைல்.

மாட்டும்போது கவனிக்க...

* நம் ஊரில் இடது பக்கம் வண்டி ஓட்டுகிறோம். வேனின் கதவும் இடது பக்கம்தான். ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் இது தலைகீழ். குறிப்பிட்ட வேனுக்கென்றே செய்த ஆனிங், பிராக்கெட்டை இறக்குமதி செய்கிறீர்கள் என்றால், இடது பக்கம் பொருந்துமா என்று கேட்டுவிட்டு ஆர்டர் போடுங்கள்.

* 3 மீட்டர் ஆனிங் 20 கிலோவுக்கு மேல் எடை இருக்கும். விரித்த பிறகு, அந்த எடையோடு காற்றின் இழுப்பும் பிராக்கெட்டில்தான் ஏறும். எனவே, வெறும் தகட்டில் ஸ்க்ரூ போடக் கூடாது. உள்ளே இருக்கும் இரும்புச் சட்டத்தில் போல்ட் இறங்க வேண்டும். சட்டம் கிடைக்காத இடத்தில், உள்பக்கம் ஒரு தடித்த பட்டை கொடுத்து முடுக்க வேண்டும்.

* துளை போட்டதும் வெட்டு விளிம்பில் துருத் தடுப்பு பிரைமர் அவசியம். பிறகு பியூட்டைல் டேப் அல்லது பாலியூரித்தேன் சீலன்ட். பாத்ரூமுக்கு வாங்கிய சிலிக்கானை இங்கே போடாதீர்கள். நாளைக்குக் கழற்றி ஒட்டும்போது அதன்மேல் வேறு எதுவும் பிடிக்காது. போல்ட் எவர்சில்வரில் இருக்கட்டும்.

* மோட்டார் மாடல் என்றால் தனி ஃபியூஸ் வையுங்கள். பேட்டரி இறங்கினால் கையால் சுருட்டும் வசதி இருக்கிறதா என்றும் பாருங்கள். காற்று அடிக்கும் நேரத்தில்தான் பேட்டரி காலை வாரும்.

* ஆனிங் விரித்திருக்கும்போது வேன் கதவு முழுதாகத் திறக்கிறதா? மாட்டுவதற்கு முன்பே அளந்துவிடுங்கள்.

ஆர்.டி.ஓ என்ன சொல்வார்?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, ஆர்.சி-யில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கட்டில், அடுப்போடு கூடிய மோட்டார் கேரவன்களுக்கு ஏ.ஐ.எஸ்-124 என்ற தனித் தர விதியே இருக்கிறது. கேஸட் பெட்டி பக்கவாட்டில் துருத்துவதால் வண்டியின் அகலமும் கூடும். துளை போடுவதற்கு முன் உங்கள் ஆர்.டி.ஓ அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் என்று வரும்போது அந்தத் தாள்தான் பேசும்.

ரமணாசிரமம் பகுதியில் எங்கே, எப்படி நிறுத்துவது?

முதலில், எங்கே நிறுத்தக் கூடாது என்பதைப் பார்த்துவிடலாம். ஆசிரமம் இருக்கும் செங்கம் சாலை, 14 கி.மீ. கிரிவலப் பாதையின் ஒரு பகுதி. பக்கத்திலேயே சேஷாத்ரி சுவாமிகள் ஆசிரமம், அக்னி லிங்கம் எல்லாம் இருக்கின்றன. பௌர்ணமி தவிர்த்த நாள்களிலும் வெறும் காலோடு மக்கள் நடந்துகொண்டே இருப்பார்கள். சாலையோரம் இரண்டரை மீட்டருக்குத் துணி விரித்தால், அவர்கள் லாரி போகும் பக்கம் இறங்கி நடக்க வேண்டியிருக்கும். இருட்டில் உங்கள் ஆனிங் கயிறு, கிரிவலம் வரும் ஒரு பாட்டியின் காலைத் தடுக்கும். எனவே, சாலையில் ஆனிங்கைத் திறக்கவே வேண்டாம். ரமண நகர் பக்கத் தெருக்களில் காம்பவுண்டு உள்ள தங்கும் விடுதிகளில் பேசி, அதன் வளாகத்துக்குள் நிறுத்துங்கள். பௌர்ணமி, கார்த்திகை தீப நாள்களில் வாகனங்களுக்குக் கட்டுப்பாடு இருக்கும். அப்போது வேனில் போகும் பிளானையே தவிர்க்கலாம்.

மழைக்காலத்தில் மலையடிவாரத்தை ஒட்டியும் நிறுத்தாதீர்கள். 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில் வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து 7 பேர் இறந்ததை இந்த ஊர் மறக்கவில்லை.

இடம் கிடைத்துவிட்டதா? இப்போது திசை. ஆசிரமத்துக்கு வடக்கே மலை. வண்டியின் மூக்கு மலையைப் பார்த்திருந்தால், இடது பக்க ஆனிங் மேற்கே விரியும். காலையில் வேனின் நிழலே அந்தப் பக்கம் விழும், ஆனிங்கே தேவையில்லை. மதியத்துக்கு மேல் ஆனிங் கைகொடுக்கும். வெயில் சாய்ந்ததும் முன் விளிம்பில் ஒரு துண்டுப் படுதாவைத் தொங்கவிட்டால் சூப்பர்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசுவதும் மேற்குப் பக்கமிருந்துதான். நல்ல நிழல் தரும் அதே திசை, காற்றை நேராக வாங்கும் திசையாகவும் ஆகிவிடுகிறது. அந்த மாதங்களில் ஒரு மதிலையோ, கட்டடத்தையோ மேற்கே மறைப்பாக வைத்து நிறுத்துங்கள். தென்னை மரத்தடி மட்டும் வேண்டாம். மட்டையும் காயும் ஆனிங்கைப் பொத்துவிடும்!

கணக்கு சொல்லும் பயம்

3 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் அகல ஆனிங் என்றால் பரப்பு 7.5 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை விழுந்தால் அது 1 லிட்டர், அதாவது 1 கிலோ. 20 மி.மீ. மழை பெய்து, தண்ணீர் வழியாமல் துணியில் குழியாகத் தேங்கினால் 150 கிலோ! இரண்டு பேர் ஏறி நிற்கிற மாதிரி. அதனால்தான் ஒரு காலைக் குறைந்தது ஒரு சாண் தாழ்த்தி, தண்ணீர் ஒரு மூலையில் வழியும்படி விட வேண்டும்.

காற்றும் சும்மா இல்லை. மணிக்கு 40 கி.மீ. காற்று நேராகத் தாக்கினால் இந்தத் துணியில் ஏறத்தாழ 55-60 கிலோ அழுத்தம். வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்கு, அதாவது 230 கிலோ பக்கம். `கயிறு இழுத்துக் கட்டியிருக்கேன், ஒண்ணும் ஆகாது' என்பார்கள். கயிறு காலைப் பிடித்துக்கொள்ளும், சரி. துணி உப்பும்போது மீதி இழுப்பு எல்லாம் பிராக்கெட்டுக்குத்தானே போகும்?

எனவே, மூன்றே ரூல்:

1. மரக்கிளை முழுதாக ஆட ஆரம்பித்தால் சுருட்டு.
2. ஆசிரமத்துக்கோ, சாப்பிடவோ கிளம்பினால், வானம் தெளிவாக இருந்தாலும் சுருட்டு.
3. தூங்கப் போகும்முன் சுருட்டு.

கோடையில் மாலை இடி மழை சொல்லிவிட்டு வராது. முதலில் புழுதிக் காற்று, அடுத்த சில நிமிடங்களில் மழை. அந்தச் சில நிமிடங்களில் நீங்கள் வண்டிப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஸ்லைடு கவர் வைத்திருப்பவர்களுக்கு வேலை கொஞ்சம் வேறு. அதை டிராயரை மூடாமல் சுருட்ட முடியாது. மழை விட்டதும் டிராயரைக் கொஞ்சம் உள்ளே இழுத்தால், தேங்கிய நீர் வழிந்துவிடும். பெருங்காற்று என்றால் டிராயரை முழுதாக மூடிவிடுங்கள். அதற்கு முன் கவர்மேல் சருகு, குச்சி இருக்கிறதா என்று பாருங்கள். உருளையில் சிக்கினால் துணி கிழியும்.

தினசரி வாழ்க்கையில்...

ஈரம்: மழையில் சுருட்ட வேண்டி வந்தால் சுருட்டிவிடுங்கள், தப்பில்லை. ஆனால், ஒன்றிரண்டு நாளுக்குள் வெயிலில் விரித்துக் காயவைத்துவிடுங்கள். ஊருக்குப் போன பிறகு பார்த்துக்கலாம் என்றால் நாற்றம்தான் மிஞ்சும்.

சுத்தம்: மென்மையான சோப்புத் தண்ணீர், மென்மையான பிரஷ் போதும். பிளீச்சிங், வாஷிங் பவுடர் வேண்டாம்.

குரங்கு: ரமணாசிரமம் பகுதியின் நிரந்தரவாசிகள். விரித்த துணி அவர்களுக்கு ஊஞ்சல். ஆனிங் அடியில் வாழைப்பழம், பிஸ்கட் வைக்காதீர்கள்.

நெருப்பு: கேஸ் அடுப்பை ஆனிங்குக்கு வெளியே வையுங்கள். கார்த்திகையில் அகல் ஏற்றும் ஆசை இருந்தால், அதையும் துணியிலிருந்து தள்ளியே ஏற்றுங்கள்.

விளக்கு: முதல் மழை முடிந்த இரவில் ஈசல் படையெடுக்கும். வெள்ளை எல்.இ.டி-க்குப் பதில் மஞ்சள் விளக்கு போட்டால் கூட்டம் குறையும்.

கிளம்பும்போது: ஆனிங் முழுதாக உள்ளே போய் லாக் ஆகியிருக்கிறதா என்று கீழே இறங்கி, கண்ணால் பார்த்துவிட்டு சாவியைத் திருப்புங்கள். ஓடும் வண்டியில் ஆனிங் திறந்துகொண்டால் பின்னால் வரும் டூ வீலருக்குத்தான் முதல் ஆபத்து. கூடுதல் பாதுகாப்புக்குப் பெட்டியைச் சுற்றி ஒரு பெல்ட் போடலாம்.

ஆனிங் வாங்கியதும் முதல் வேலையாக, வீட்டு வாசலில் வைத்து விரித்துச் சுருட்டிப் பழகுங்கள். இரண்டு பேர் சேர்ந்து இரண்டு நிமிடத்துக்குள் சுருட்ட முடிகிறதா? அப்படியென்றால் நீங்கள் திருவண்ணாமலைக்கு ரெடி!