டாக்டருக்குப் பாடம் எழுதியவர்கள்

மாதவிடாய் நிற்பதை ஹார்மோன் குறைபாட்டு நோயாகப் பரவலாக்கியது, அமெரிக்க மருத்துவர் ராபர்ட் வில்சனின் ‘ஃபெமினின் ஃபார் எவர்’ (1966). சினைக்குதிரை மூத்திரத்திலிருந்து எடுத்த பிரிமரின் மாத்திரை 1942லிருந்தே சந்தையில் இருந்தது. 2002இல், 16,608 பெண்களிடம் நடந்த ஆய்வு பாதியில் நிறுத்தப்பட்டது: ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டினும் உண்டவர்களிடம் மார்பகப் புற்றும் மாரடைப்பும் பக்கவாதமும் கூடியிருந்தன.

சரி, டாக்டர்கள் அதுவரை எதைப் படிச்சாங்க? 2009இல் வழக்கு வழியே வெளியான ஆவணங்களின்படி, 1998-2005இல் வந்த 26 மருத்துவக் கட்டுரைகளுக்குப் பின்னால் இருந்தவர்கள் பிரிமரின் தயாரித்த வயத் கம்பெனி காசு கொடுத்து அமர்த்திய எழுத்தாளர்கள். மேலே மருத்துவர்களின் பெயர். ‘ஆசிரியனின் மரணம்’ பற்றி நாம் பேசிக் களைத்தோம். இங்கே ஆசிரியன் சாகவில்லை, ஒளிந்துகொண்டான்.

இரவில் வியர்த்து விழிக்கும் பெண்ணுக்கு அந்த மாத்திரை உதவும், நான் மறுக்கவில்லை. யாருக்கு எவ்வளவு ஆபத்து என்று டாக்டர் சொல்லியாகணுமே! 2002க்குப் பிறகும் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் மருத்துவர்களுக்கு நடத்திய ஹார்மோன் சிகிச்சைத் தொடர்கல்விக்கு வயத்தான் பணம் கொடுத்தது.