வினைல் இசைத்தட்டும் டிஜிட்டல் பதிவும்: மேனாட்டு வாத்தியக்குழு இசையில் ஓர் ஒப்பீடு

மேனாட்டுச் சாஸ்திரீய சங்கீதத்தில், எண்பது நூறு வாத்தியங்கள் கூடி இசைக்கும் ஸிம்பனி முதலிய உருப்படிகளின் பதிவுகள், ஒரே வாசிப்பு, ஒரே காந்த நாடா என்றிருந்தும், முதலில் வினைல் இசைத்தட்டாகவும் பின்னர் குறுந்தகடாகவும் அதன்பின் கணினிக் கோப்பாகவும் வெளிவந்திருப்பதால், அவற்றை அடுத்தடுத்துக் கேட்டு நாதபேதங்களை ஆராய்வது ரசிகர்களிடையே தனியொரு பயிற்சியாகவே வளர்ந்திருக்கிறது. தட்டில் இனிமை மிகும், டிஜிட்டலில் தெளிவு மிகும் என்று பரவலாகச் சொல்லப்படும் அபிப்பிராயம் ஓரளவுக்கே செல்லும். காதில் விழும் வித்தியாசத்தில் பெரும்பகுதி, நாடாவிலிருந்து இசையை மாற்றி அமைத்த கலைஞர் செய்த தேர்வுகளால் விளைவதேயன்றிச் சாதனத்தால் விளைவதன்று. ஆயினும் சாதனத்துக்கே உரிய குணங்களும் சில உண்டு. அவற்றுள் தட்டின் குணங்களே ஆராய்ச்சிக்குச் சுவையானவை.

நிமிஷத்துக்கு 33⅓ சுற்றுச் சுழலும் நீண்ட நேர இசைத்தட்டை அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் 1948-இல் வெளியிட்டது. அதற்கு முந்திய 78 சுற்றுத் தட்டில் ஒரு பக்கத்துக்கு நான்கைந்து நிமிஷமே அடங்கியமையால், ஒரு ஸிம்பனியைக் கேட்டு முடிப்பதற்குள் எழுந்தெழுந்து தட்டை மாற்ற வேண்டியிருந்தது. புதிய பன்னிரண்டு அங்குலத் தட்டுகளின் வரிசையில் முதலாவது, நேதன் மில்ஸ்டைன் வயலின் வாசிக்க, புரூனோ வால்ட்டர் நியூயார்க் பில்ஹார்மானிக்கை நடத்திய மெண்டல்சனின் வயலின் கான்செர்ட்டோ. ஸ்டீரியோத் தட்டுகள் 1958-இல் கடைகளுக்கு வந்தன.

தட்டின் பள்ளத்தில் மந்தரஸ்தாயியை உள்ளபடியே வெட்டினால் முள் பக்கவாட்டில் வெகுதூரம் ஆடும். பள்ளங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். ஆகையால் வெட்டும்போது மந்தரத்தைக் குறைத்தும் தாரஸ்தாயியை மிகுத்தும், ஒலிக்கும்போது அதைத் தலைகீழாகத் திருப்பியும் சமன் செய்யும் வழக்கம் ஏற்பட்டு, 1954-இல் அமெரிக்க இசைத்தட்டு உற்பத்தியாளர் சங்கம் அதற்குப் பொது அளவு வகுத்தது. ஸ்டீரியோ வந்தபின், இடம் வலம் இரண்டிலும் மாறுபட்டு ஒலிக்கும் மந்தர நாதம் முள்ளை மேலும் கீழும் தூக்குமாதலால், அதை நடுவில் ஒடுக்கி வெட்டுவதும் வழக்கமாயிற்று.

இவற்றினும் பெரிய சங்கடம் தட்டின் வட்ட வடிவிலேயே இருக்கிறது. சுழற்சி மாறாதிருக்க, விட்டம் மட்டும் உள்ளே போகப் போகக் குறைவதால், வெளி விளிம்பில் விநாடிக்குச் சுமார் 51 சென்டிமீட்டர் பள்ளத்தைக் கடக்கும் முள், உள் எல்லையில் சுமார் 21 சென்டிமீட்டரையே கடக்கிறது. அதே இசை பாதிக்கும் குறைந்த நீளத்தில் நெருக்கி எழுதப்படுவதால் தாரஸ்தாயி மங்கும், உச்சகட்ட ஒலிகள் சிதறும். ஸிம்பனிகளோ பெரும்பாலும் பேரொலியுடன் முடிபவை. ஆகவே எங்கே இடம் அதிகம் வேண்டுமோ அங்கேதான் தட்டில் இடம் குறைவு என்பது ஸிம்பனி, இசைத்தட்டு என்னும் இவ்விரு கலைகளின் துர்ப்பாக்கியமான சந்திப்பு. ராவெலின் பொலேரோ, மெல்லிய முரசொலியில் தொடங்கிக் கால்மணி நேரம் இடைவிடாது பெருகிக் கடைசியில் பேரிரைச்சலாக வெடிப்பது, இதற்குச் சிறந்த உதாரணம். ஜெர்மனியின் டாசெட் நிறுவனம் அதை உள்ளிருந்து வெளியே ஓடும் பள்ளத்தில் வெட்டி வெளியிட்டது வேடிக்கையாகத் தோன்றினும், பௌதிக நியாயம் முற்றிலும் உடையது.

குறுந்தகடு 1982 அக்டோபரில் ஜப்பானில் முதன்முதல் விற்பனைக்கு வந்தது. விநாடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து, ஒவ்வொரு அளவையும் 16 பிட்டில் குறிப்பது அதன் முறை. மிக மெல்லிய ஒலிக்கும் மிகப் பெரிய ஒலிக்கும் இடையே ஏறத்தாழ 96 டெசிபெல் அகலம் அதற்கு உண்டு, நல்ல வினைல் தட்டோ 70-ஐ எட்டுவதே அரிது. லேசர்க் கதிர் உள்ளிருந்து வெளியே மாறாத நேர்வேகத்தில் படிப்பதால், முதல் ஸ்வரத்துக்கும் கடைசி ஸ்வரத்துக்கும் தரத்தில் பேதமில்லை. ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் 'ஜரதுஸ்திரா' என்ற உருப்படியை ஃபிரிட்ஸ் ரைனர் 1954 மார்ச்சில் சிகாகோவில் பதிவு செய்தார். அதன் தொடக்கத்தில் ஆர்கன் பிடித்து நிறுத்தும் அடிமந்தர ஸ்வரம், தட்டில் சுழல்மேடையின் உறுமலோடு கலந்துவிடும் அபாயமுடையது, குறுந்தகட்டில் அந்த அபாயம் இல்லை. நாடாவின் சொந்த இரைச்சல் மட்டும் இரண்டிலும் கேட்கும். அதை மறைத்துவந்த தட்டின் சலசலப்பு விலகியதும் அது எடுப்பாகத் தெரிந்தது, பல ரசிகர்களைத் திடுக்கிடச் செய்தது.

வினைல் என்றால் பழமை, டிஜிட்டல் என்றால் குறுந்தகடு என்று வரையறுப்பதும் பிழை. குறுந்தகடு பிறக்குமுன்பே டிஜிட்டல் முறையில் பதிவாகி வினைல் தட்டாக வெளிவந்தவை பல. 1979 புத்தாண்டு தினத்தன்று வில்லி போஸ்கோவ்ஸ்கி வியன்னாவில் நடத்திய கச்சேரியை டெக்கா நிறுவனம் அவ்வாறே பதிவு செய்தது. எரிக் குன்ஸெல் நடத்த, சின்சினாட்டி ஸிம்பனி வாசித்த சைக்கோவ்ஸ்கியின் '1812' என்ற உருப்படியை, நிஜப் பீரங்கி முழக்கத்தோடு டெலார்க் நிறுவனம் வெளியிட்டபோது, அந்த முழக்கத்துக்குரிய பள்ளங்கள் வெறுங்கண்ணுக்கே புலப்பட்டன. பல வீடுகளில் முள் பள்ளத்தை விட்டே துள்ளியது.

ஒரே நாடா எத்தனை முகம் காட்டும் என்பதற்கு, ஜார்ஜ் ஷோல்டி வியன்னா பில்ஹார்மானிக்கைக் கொண்டு 1958 முதல் 1965 வரை ஸோஃபியன்ஸால் மண்டபத்தில் பதிவு செய்த வாக்னரின் நிபெலுங் மோதிரமே சான்று. தயாரிப்பாளர் ஜான் கல்ஷா, அதன் நான்கு இசைநாடகங்களையும் 19 தட்டுகளில் அடக்கினார். அங்கங்கள் இருபது இருபத்தைந்து நிமிஷத்துக்கொரு முறை அறுபட்டன. 1984-இல் வந்த குறுந்தகடுகள் அந்த அறுப்பைப் பெரிதும் நீக்கின. 1997-இல் செய்த மாற்றத்தில் நாடா இரைச்சலை அடக்கும் கருவி சேர்ந்ததால், அமைதி கூடியது, மண்டபத்தின் காற்று குறைந்தது என்று இருதரப்பாகப் பேசப்பட்டது. 2022-இல் மூல நாடாக்களை மீண்டும் சுழற்றி, 24 பிட், விநாடிக்கு 1,92,000 அளவுகள் என்ற நுட்பத்தில் எடுத்த பிரதியே, குறுந்தகடு வகையாகவும் வினைலாகவும் ஒருங்கே வெளிவந்தது. அந்த வினைலை 1984-இன் குறுந்தகட்டோடு ஒப்பிடுபவர், இரு சாதனங்களை அன்று, இரு மாற்றங்களையே ஒப்பிடுகிறார்.

ஒப்பிடும்போது இரண்டின் ஒலியளவும் சமமாயிருத்தல் அவசியம். சற்றே உரத்து ஒலிப்பது உயர்ந்ததாகவே காதுக்குத் தோன்றும். நம்பிக்கையும் காதை அவ்வாறே சாய்க்கும். அமெரிக்காவின் மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனத்தின், தூய நாடா வழியே வந்தவையாக ரசிகர் நம்பிப் போற்றிய தட்டுகள் பலவற்றில் டிஜிட்டல் படி ஒன்று இருந்ததென்று 2022-இல் தெரியவந்தபோது எழுந்த சலசலப்பு, எது இனிக்கிறது என்ற தீர்ப்பில் காதுக்கு முன்னே நம்பிக்கை வந்து உட்கார்ந்துகொள்வதைக் காட்டிற்று.

நாடாவே இல்லாத பதிவுகள் இவ்வொப்பீட்டுக்குப் புறம்பானவை. ஆர்தர் நிகிஷ் பெர்லின் பில்ஹார்மானிக்கை நடத்தி 1913-இல் பதிவு செய்த பேத்தோவனின் ஐந்தாம் ஸிம்பனி ஒலிக்கூம்பின் வழியே நேராகத் தட்டில் வெட்டப்பட்டது. அதன் இன்றைய டிஜிட்டல் பிரதிகள் யாவும் தட்டு வழியே இறங்கி வந்தவையே.