நந்தலால் வீரசிங்க: வந்த முதல் ஐந்து நாள்

பிரதி ஆளுநராக இருந்து முன்கூட்டியே ஓய்வெடுத்துப் போனவர் நந்தலால் வீரசிங்க. நாடு காஸுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற நேரம் திருப்பிக் கூப்பிட்டார்கள். 2022 ஏப்ரல் 7ஆம் திகதி மத்திய வங்கி ஆளுநராகப் பொறுப்பேற்றார். அடுத்த நாளே வங்கிகளுக்கான கடன் வட்டி 7.5 சதவீதத்திலிருந்து 14.5க்கு ஏறியது. ஒரே தடவையில் இரட்டிப்புக் கிட்ட! 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்தும் அறிவிப்பு. மே மாதம், அரசியல் ஸ்திரம் வராவிட்டால் பதவி விலகுவேன் என்றும் வெளிப்படையாகச் சொன்னார். எங்கட நாட்டு உயர் அதிகாரிகளிடம் இது அபூர்வம்.

செப்டெம்பரில் கிட்டத்தட்ட 70 சதவீதமாக இருந்த பணவீக்கம், ஒரு வருசத்தில் 1.3க்கு வந்தது. இதைச் சாதனை எண்டு சொல்லலாம்தான். ஆனா சாமான் விலை இறங்கேல்ல, ஏறுற வேகம்தான் குறைஞ்சது. இடையில் கடன் எடுத்துக் கடை நடத்தினவர்கள் 20 சதவீதத்துக்கு மேல் வட்டி கட்டினார்கள்.