செவிலின் கடிகாரமும் சிங்கப்பூரின் அஞ்சடியும்

வெயில் ஊரில் நிதானமாக ஊர் சுற்ற வேண்டுமென்றால் ஒன்று வெயில் இல்லாத நேரத்தில் நடக்க வேண்டும், அல்லது வெயில் விழாத இடத்தில் நடக்க வேண்டும். ஸ்பெயினின் செவில் முதல் வழியைப் பிடித்துக்கொண்ட ஊர். சிங்கப்பூர் இரண்டாவதை.

செவிலில் ஜூலை மாதப் பகல் உச்சம் சராசரியாக 36 டிகிரி. 40-ஐத் தாண்டும் நாள்களும் அங்கே சகஜம். சிங்கப்பூரில் 32-ஐ ஒட்டித்தான். எண்ணை மட்டும் பார்த்தால் செவில்தான் கொடியது. நடக்கிற உடம்பு அப்படிச் சொல்லாது. செவிலின் காற்று வறண்டது. வியர்வை வந்த சுவடு தெரியாமல் காய்ந்துவிடும். நிழலில் ஒதுங்கினால் போதும், உயிர் வந்துவிடும். இரவில் 20 டிகிரிக்கு இறங்கும். சிங்கப்பூரிலோ ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும், நிழலிலும் புழுக்கம் விடாது, இரவிலும் 25-ஐ ஒட்டியேதான் இருக்கும். பொறுத்திருந்தால் தணியும் என்று செவில்காரர் நம்பலாம். சிங்கப்பூரில் பொறுத்திருந்து பயனில்லை. இரண்டு ஊர்களும் வேறு வேறு வழியில் போனதற்கு இதுவே மூலகாரணம் என்று நினைக்கிறேன்.

செவிலில் வெளியூர்க்காரர் ஏமாறுவது கடிகாரத்திடம். ஸ்பெயின் 1940-இல் தன் நேரத்தை ஜெர்மனியின் நேரத்தோடு சேர்த்துக்கொண்டது. பிறகு மாற்றவே இல்லை. நாட்டின் மேற்குப் பக்கம் இருக்கும் செவிலில், கோடையில் சூரியன் உச்சிக்கு வரும்போது மணி ஏறக்குறைய இரண்டரை. வெயில் மிகக் கடுமையாக இருப்பது மாலை ஐந்திலிருந்து ஏழு வரை. நம் பழக்கத்தில் பன்னிரண்டு மணிக்குப் பயந்து அறையில் முடங்கி, ஆறு மணிக்கு ‘வெயில் தாழ்ந்திருக்கும்’ என்று கிளம்பினால், நேராக அடுப்புக்குள் காலை வைக்கிறோம். ஊர்க்காரர்கள் அந்த நேரத்தில் தெருவில் இருப்பதில்லை. இரண்டு மணிவாக்கில் சின்னக் கடைகளின் ஷட்டர்கள் இறங்கும். மதியச் சாப்பாடு முடிந்தபின் பல உணவகங்களின் அடுப்பும் எட்டு மணி வரை ஓய்ந்துவிடும். அஸ்தமனம் பத்து மணியை நெருங்கி நடக்கும்; அதற்குப் பிறகுதான் குழந்தைகளோடும் தாத்தா பாட்டிகளோடும் தெரு நிரம்பும்.

ஆகவே செவிலில் நடைக்கு இரண்டு பங்கு உண்டு. காலையில் சாந்தா குரூஸ் பகுதியின் ஒடுங்கிய சந்துகள். கைகளை விரித்தால் இருபக்கச் சுவரும் தொட்டுவிடும் அளவுக்குச் சில சந்துகள் குறுகலானவை. ஹிரால்டா கோபுரத்துக்கும் காலையிலேயே போய்விடுவது நல்லது. 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பள்ளிவாசலின் மினாராகக் கட்டப்பட்டுப் பின்னர் தேவாலயத்தின் மணிக்கூண்டான கோபுரம் அது. மேலே ஏற 35 சாய்தளங்கள், குதிரையில் ஏறிப்போகும் அகலத்தில். தடித்த சுவர்களுக்குள் குளுமை தங்கியிருக்கும். சியெர்பெஸ் தெருவில் கோடை முழுக்க வீட்டு உச்சிகளுக்கு இடையே துணிப்பந்தல் கட்டியிருப்பார்கள். என்கார்னாசியோன் சதுக்கத்தில் 2011-இல் திறக்கப்பட்ட பிரம்மாண்டமான மரக்கூரையைவிட அந்தத் துணி கொடுக்கும் நிழலே எனக்கு உசத்தியாகப் படுகிறது. மீதி நடை இரவு ஒன்பதுக்குமேல், ஆற்றங்கரையில்.

சிங்கப்பூரின் கடிகாரமும் தள்ளித்தான் ஓடுகிறது. 1982 முதல் அங்கே கடிகாரம் கிரீன்விச்சுக்கு எட்டு மணி நேரம் முன்னால். சூரியன் உச்சிக்கு வர மதியம் ஒரு மணி ஆகும். ஆனால் நடக்கிறவருக்கு அது பெரிய விஷயமில்லை. பூமத்தியரேகை 137 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. சூரியன் ஏறக்குறைய தலைக்கு நேர்மேலே நிற்கும்போது சுவர் எவ்வளவு உயரமாக இருந்தாலும் தெருவில் நிழல் விழாது. செவிலின் ஒடுங்கிய சந்துகளை அங்கே கொண்டுபோய் வைத்தாலும் உச்சிவேளையில் உதவாது. தலைக்குமேல் கூரைதான் வேண்டும். பிற்பகலில் இடியோடு கொட்டும் மழைக்கும் அதே கூரைதான்.

பிரிட்டிஷ் அதிகாரி ராஃபிள்ஸ் 1822-இல் நகர் அமைப்புக்குக் கொடுத்த உத்தரவுகளில் ஒன்று, கடைவீடுகளின் முன்னால் தொடர்ச்சியாகக் கூரையிட்ட நடைவழி விட வேண்டும் என்பது. அங்குள்ள தமிழர் வாயில் அது அஞ்சடி. லிட்டில் இந்தியாவின் கேம்பல் லேனிலும் சிராங்கூன் சாலையிலும் இன்றும் பூமாலை, காய்கறி, துணி என்று கடை பாதி அஞ்சடிக்கு வந்துவிடுகிறது. நடக்கிறவர் ஒதுங்கித்தான் போக வேண்டும். இது புதிய வழக்கு அல்ல. 1888-இல் நகராட்சி அஞ்சடிகளைக் காலிசெய்ய முனைந்தபோது கலவரமே வெடித்தது. இப்போது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகளின் திறந்த தரைத்தளங்கள், எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து நீளும் கூரைப்பாதைகள், கடைத்தொகுதிகளின் சுரங்கவழிகள் எல்லாம் அதே யோசனையின் பேரப்பிள்ளைகள். கூரை விட்ட இடங்களில் பலவற்றைத் தூங்குமூஞ்சி மரங்கள் பார்த்துக்கொள்கின்றன. 1963-இல் பிரதமர் லீ குவான் யூ தொடங்கிய மரம் நடும் இயக்கத்தின் பலன் அது.

நட்டநடு மதியத்திலும் சிங்கப்பூரில் நடக்கலாம். பசித்தால் எந்த நேரமும் ஓர் உணவங்காடி திறந்திருக்கும். செவிலில் மாலை ஐந்து மணிக்குப் பசித்தால் திண்டாட்டம்தான். கையில் காசு குறைவாக, பகல் மட்டுமே அவகாசமாக வருகிறவருக்குச் சிங்கப்பூர் கருணையான ஊர்.

ஆனால் ஒரு குறை. கூரைப்பாதை சீக்கிரமே ஏசிக்குள் கொண்டுபோய் விடுகிறது. உள்ளே குளிர், வெளியே புழுக்கம் என்று மாறி மாறிப் போனால் உடம்பு துவண்டுவிடும். உள்ளே குளிர்விக்கும் இயந்திரம் தன் சூட்டைத் தெருவில்தான் கொட்டுகிறது. செவிலிலும் ஏசி நிறைய உண்டு என்றாலும், அதன் துணிப்பந்தலும் நீரூற்று வைத்த முற்றங்களும் தெருவில் போகிறவருக்குச் சூட்டைக் கூட்டுவதில்லை. அதற்காக அந்த ஊரின் பழைய முறை என்றைக்கும் தாங்கும் என்று சொல்ல வரவில்லை. 2022 ஜூலையில் வந்த வெப்ப அலைக்கு, புயலுக்குச் சூட்டுவதுபோல, ‘சோயி’ என்று பெயரிட்டது செவில். வெப்ப அலைக்குப் பெயர் வைத்த முதல் நகரம் அதுதான்.

நிறைய இடம் பார்க்க வேண்டுமானால் சிங்கப்பூர். நிதானமாகச் சுற்ற வேண்டுமானால் செவில், அந்த ஊரே நம்மைப் பிடித்து உட்காரவைத்துவிடுகிறது. ஜூலையில் செவிலுக்குப் போகிறவர்கள் மாலை ஆறு மணிக்கு மட்டும் அறையைவிட்டுக் கிளம்பாதீர்கள். ஒன்பதுக்குக் கிளம்புங்கள், வெளிச்சம் இருக்கும்.